எருக்கஞ்செடிக்கு வீட்டில் ஓர் இடம்

வண்ணத்துப்பூச்சி வரவேண்டும் என்று தோட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் பூவைத்தான் முதலில் நினைக்கிறார்கள். இட்லிப்பூ வைக்கிறார்கள், சீமை நாயுருவி வைக்கிறார்கள். பூச்சி வரும், தேன் குடிக்கும், மதிலைத் தாண்டிப் போய்விடும். அது இங்கேயே முட்டையிட்டு ஒரு தலைமுறை வளரவேண்டும் என்றால் புழு தின்பதற்கு இலை வேண்டும். எந்த இலையானாலும் சரி என்று அவை தின்பதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் அதற்கென்று சில செடிகள்தான். நம் பக்கத்தில் அதிகம் கண்ணில் படும் வெந்தய வரியனுக்கு அந்தச் செடி எருக்கு. கடலூரில் எருக்கு இல்லாத இடம் உண்டா? தேவனாம்பட்டினம் மணலில் இருக்கிறது, கெடிலத்தின் கரையில் இருக்கிறது, ரயில் பாதை ஓரத்தில் இருக்கிறது. வீட்டுத் தோட்டத்தில்தான் இல்லை. முளைத்தால் வெட்டிவிடுகிறோம்.

எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது பின்பக்கத்தில் இருந்த மாமரமும் முருங்கையும் சாய்ந்தன. மாவட்டம் முழுக்கப் பலாவும் முந்திரியும் விழுந்து கிடந்த நேரம் அது. எங்கள் இரண்டு மரத்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. நிழல் போன அந்த இடத்தில் அடுத்த கோடையில் எருக்கு தானாக முளைத்தது. வெயில் நன்றாக விழும், மண் மணல் கலந்தது, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. எருக்குக்கு அதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

அத்தைக்குப் பிடிக்கவில்லை. "எருக்கு முளைச்ச வீடுன்னு ஊரு பேசுமேம்மா, பிடுங்கிப் போட்டுடு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. பாழடைந்த வீட்டில் எருக்கு முளைக்கும் என்பது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக வரும் பேச்சு. நான் அதை எதிர்த்து வாதாடவில்லை. "வெள்ளெருக்கு வைக்கலாமா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். "அது பிள்ளையாருக்கு உகந்ததாச்சே, தாராளமா வை" என்று சொல்லிவிட்டார். வெள்ளெருக்கும் நீல எருக்கும் ஒரே இனம்தான், பூவின் நிறம்தான் வேறு. புழு இரண்டையும் ஒரே மாதிரி தின்னும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தடை சொன்னால் இந்த வழியில் போகலாம். ஒருவர் மனமும் நோகாது. இப்போது விநாயகர் சதுர்த்திக்குத் தெருவே எங்கள் வீட்டில்தான் பூப் பறிக்கிறது. பறிக்க வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: பூவை எடுங்கள், இலையைக் கிள்ளாதீர்கள். ரதசப்தமிக்குத் தலையில் வைத்துக் குளிக்க ஏழு இலை கேட்பவர்களுக்கு நானே ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்து, அடியில் முட்டை இல்லாததாகப் பறித்துத் தருகிறேன்.

வெள்ளெருக்கை விதையில் வளர்ப்பதைவிடப் போத்து வைப்பது மேல். விதையில் வரும் செடி எந்த நிறத்தில் பூக்கும் என்று பூக்கும்வரை தெரியாது. விரல் கனத்தில் முற்றிய கிளையை ஒரு முழ நீளத்துக்கு வெட்டி, பால் வடிந்து நிற்கும்வரை நிழலில் ஓரிரு நாள் போட்டுவைத்து, அப்புறம் மணல் கலந்த மண்ணில் ஊன்றவேண்டும். பால் வடிய வடிய ஊன்றினால் அழுகிவிடுவது அதிகம். தண்ணீர் குறைவாகவே விடுங்கள். நிறம் முக்கியமில்லை என்றால் விதையே சுலபம். காய் வெடிக்கும் தறுவாயில் பறித்து, பஞ்சை ஊதிவிட்டு, விதையை மேலாகத் தூவி மெல்ல மண் போட்டால் போதும். நாற்று இரண்டு மூன்று இலை விட்டதும் நிலையான இடத்தில் நட்டுவிடவேண்டும். ஆணிவேர் வேகமாக ஆழம் போகும். பெரிய செடியைப் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான் சாலையோரச் செடியைத் தோண்டி எடுத்து வருவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. மாடியில் வைப்பவர்கள் பழைய தண்ணீர் டிரம்மைப் பாதியாக வெட்டி அடியில் துளை போட்டு வைக்கலாம். சின்னத் தொட்டியில் செடி கட்டையாகவே நின்றுவிடும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்கவேண்டியது மழை. கடலூரில் ஆண்டின் பெருமழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். எருக்கு வறட்சியைத் தாங்கும், உப்புக் காற்றைத் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் பின்பக்கத்திலும் தண்ணீர் நின்றது. உடைந்த செங்கல்லும் மணலும் போட்டு முழங்கால் உயரத்துக்கு மேடாக்கி வைத்திருந்த எருக்கு ஒன்றும் ஆகாமல் நின்றது. பள்ளத்தில் இருந்த கொடிகள் மஞ்சளாகிக் கொட்டிவிட்டன. தாழ்வான மனை உள்ளவர்கள் முதலில் மேடு கட்டிக்கொள்ளுங்கள், செடி அப்புறம்.

செடி இடுப்பு உயரம் வந்ததும் பெண் பூச்சி தானாகத் தேடி வரும். வெந்தய நிறத்தில் இறகு, முன்னிறகின் நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பட்டை. பின்னிறகின் நடுவில் பெண்ணுக்கு மூன்று கரும்புள்ளி, ஆணுக்கு நான்கு. இலைக்கு மேல் தாழப் பறந்து, காலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, ஓர் இலையின் விளிம்பில் உட்கார்ந்து அடிவயிற்றை வளைத்து அடிப்பக்கத்தில் ஒரே ஒரு முட்டை வைக்கும். அடுத்த முட்டை வேறோர் இலையில். குண்டூசித் தலை அளவு, வெளிர் நிறம், கூர்ந்து பார்த்தால் மேலிருந்து கீழாக வரி ஓடும். முற்றிய எருக்கிலை தடித்து மாவு படிந்தாற்போல் இருக்கும். அதைவிட நுனியில் இருக்கும் இளம் இலையில்தான் நான் அதிகம் முட்டை பார்த்திருக்கிறேன். அதனால் கவாத்து அவசியம். செடி முழுவதையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். ஒரு பக்கக் கிளைகளை வெட்டி, அங்கே துளிர் வந்த பிறகு மறுபக்கம். வெட்டிய கிளையை உடனே குப்பையில் போடாமல் செடியின் அடியிலேயே சாய்த்து வையுங்கள். கண்ணில் படாத புழு இருந்தால் ஏறிக்கொள்ளும்.

முட்டை பொரிந்ததும் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான். அப்புறம் அது செய்யும் வேலையைப் பார்க்க நான் காலை காபியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றுவிடுவேன். எருக்கிலையில் கீறினால் பால் பொங்கும், தெரியுமல்லவா? அந்தப் பால் பிசின்போல் இறுகும். சின்னப் புழு அதில் ஒட்டிக்கொண்டால் செத்துப்போகும். ஆகவே அது நேரே தின்னாமல், முதலில் இலையில் வட்டமாக ஒரு கோடு கடிக்கிறது. பால் கோட்டில் வடிந்து நின்றதும், வட்டத்துக்கு உள்ளே இருக்கும் பால் வற்றிய பகுதியைத் தின்கிறது. வளர்ந்த புழு இன்னும் துணிந்து காம்பையோ நடு நரம்பையோ கடித்துவிடும். இலை தொய்ந்து தொங்கும், பால் வரத்து நின்றுவிடும், பிறகு நுனியிலிருந்து தின்னத் தொடங்கும். காம்பு மடிந்து தொங்கும் எருக்கிலையைப் பார்த்தால் வாடிவிட்டது என்று கிள்ளாதீர்கள், அடியில் பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு, முதுகில் மூன்று இணை கரிய கொம்புகளோடு ஒரு புழு இருக்கும்.

பாலில் இருக்கும் நஞ்சு இதயத்தைத் தாக்கும் வகை. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பூச்சியான பிறகும் அது உடம்பில் இருப்பதால் ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி தொடத் தயங்கும். வெந்தய வரியன் அவ்வளவு நிதானமாகப் பறப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் பாதுகாப்பைப் பார்த்து நஞ்சில்லாத வேறொரு பூச்சி அப்படியே வேடம் போட்டிருக்கிறது. டனெய்ட் எக்ஃபிளை என்பார்கள், அதன் பெண் அச்சு அசலாக வெந்தய வரியன்தான். பின்னிறகில் மேல் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கரும்புள்ளி இருந்தால் அது இவள். இவளுடைய புழு தின்பது பருப்புக்கீரை. எருக்குப் பாத்தியின் ஓரத்தில் பருப்புக்கீரை தானாக முளைத்தால் களை என்று பிடுங்காமல் விடுங்கள், அசலும் நகலும் ஒரே தோட்டத்தில் பறக்கும்.

முட்டையிலிருந்து பூச்சி வெளிவர நம் வெயிலில் மூன்று நாலு வாரம் ஆகும். கூடு இளம் பச்சையாகவோ வெளிறிய இளஞ்சிவப்பாகவோ, பொன் புள்ளிகளோடு தொங்கும். பெரும்பாலும் எருக்கிலேயே இருக்காது. புழு இறங்கி நடந்து, பக்கத்துத் தொட்டி விளிம்பு, துணிக்கொடிக் கம்பி என்று எங்கேயாவது போய்த் தொங்கும். செடியில் இருந்த பெரிய புழு திடீரென்று காணவில்லை என்றால் பதற வேண்டாம். சுற்றிலும் இருப்பதைத் தொடும் முன் ஒருமுறை அடியில் பார்த்துக்கொள்வது நல்லது.

சரி, எருக்கு வகைப் பால் செடிகளை ஆங்கிலத்தில் மில்க்வீட் என்பார்கள். இணையத்தில் அப்படித் தேடினால் வருவது பெரும்பாலும் அமெரிக்க விஷயம். அங்கே மொனார்க் என்ற பூச்சிக்காக வளர்க்கிறார்கள். அது நம் வெந்தய வரியனுக்கு நெருங்கிய உறவு, ஆனால் குளிர்காலத்துக்கு மெக்சிகோ மலைகளுக்குப் போய்விடுகிற இனம். எந்த மாதம் வெட்டவேண்டும், எப்போது விதை போடவேண்டும் என்று அவர்கள் சொல்வதெல்லாம் அந்தக் குளிருக்கும் அந்தப் பயணத்துக்கும் பொருந்துவது. நமக்கு வெந்தய வரியன் ஆண்டு முழுக்க இங்கேயே முட்டையிடுகிறது. நர்சரியில் மில்க்வீட் என்று கேட்டால் சிவப்பும் மஞ்சளும் கலந்த கொத்துப்பூவோடு ஒரு செடி தருவார்கள். பார்க்க அழகு. வெந்தய வரியன் அதிலும் முட்டையிடும். ஆனால் அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. பஞ்சு விதை காற்றில் பறந்து தானாகப் பரவும். தவிர, நர்சரிச் செடிக்கு என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சில மருந்துகள் செடியின் சாற்றிலேயே கலந்து வாரக்கணக்கில் நிற்கும், தின்ற புழு சாகும். நம் வாசலில் எருக்கு இருக்கும்போது அதை விலை கொடுத்து வாங்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எருக்கு பெரிதாக வளரும், இடம் இல்லை என்பவர்களுக்குக் கொடிகள் இருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்தது வேலிப்பருத்தி. உத்தாமணி என்று நாட்டு வைத்தியத்தில் சொல்வது இதைத்தான். இதய வடிவ இலை, கிள்ளினால் பால், காய் முழுக்க மெல்லிய முள். இரும்பு வலையில் ஏற்றிவிட்டால் மதிலை மூடிவிடும். தொட்டியிலும் வரும். நஞ்சறுப்பான் இன்னொன்று. வரி போட்ட ஸ்ட்ரைப்டு டைகர் என்ற வண்ணத்துப்பூச்சி அதைத் தேடி வரும். நீல வரியனுக்குப் பெருங்குறிஞ்சான், இதைக் கொடிப்பாலை என்றும் சொல்வார்கள். நர்சரியில் குறிஞ்சான் என்று மட்டும் கேட்டால் சர்க்கரைக்குத் தின்னும் சிறுகுறிஞ்சானைத் தந்துவிடுவார்கள், அது வேறு செடி. பெருங்குறிஞ்சானின் இலை பெரியது, பூ பச்சை நிறத்தில் கொத்தாக வரும். நன்னாரி வைத்திருப்பவர்கள் வேருக்காக முழுக்கத் தோண்டாமல் ஒரு கொடியை விட்டுவைத்தால் வெண்புள்ளிக் கருப்பன் முட்டையிடும். அதே பூச்சி அரளியிலும் இடும். நாலுவழிச் சாலையின் நடுவே வரிசையாக நிற்கும் அரளியில் வெள்ளிபோல் பளபளக்கும் கூடு தொங்குவதைப் பேருந்து நிற்கும்போது நான் பார்த்திருக்கிறேன்.

அசுவினியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும், ஏனென்றால் எருக்கு வளர்ப்பவர்கள் கைவிடுவதே இங்கேதான். துளிரிலும் மொட்டிலும் மஞ்சளாக அப்பிக்கொள்ளும். ஆணே இல்லாமல் பெண்ணே பெண்ணைப் பெற்றுப் பெருகும் பூச்சி என்பதால் ஒரு வாரத்தில் கிளை முழுக்க ஆகிவிடும். பார்த்ததும் வேப்பெண்ணெய் அடிக்கத்தான் கை போகும். அடிக்காதீர்கள். வேம்பு இயற்கையானது, சந்தேகமில்லை. ஆனால் புழு தோலுரித்து வளர்வதை அது தடுக்கும். ஐந்திலைக் கரைசலும் அப்படித்தான், அது பூச்சியை விரட்டவென்றே காய்ச்சுவது. கத்தரிக்கு அடிக்க வேண்டியிருந்தால் காற்று எருக்குப் பக்கம் அடிக்காத நேரம் பார்த்து அடியுங்கள். அசுவினிக்கு நான் செய்வது, முட்டையும் புழுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹோஸ் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடுவது. பாதி விழுந்துவிடும். மீதியைப் பொறிவண்டு பார்த்துக்கொள்ளும். அசுவினி இல்லாத தோட்டத்தில் பொறிவண்டுக்கு என்ன வேலை? கொஞ்சம் அசுவினி இருக்கட்டும் என்றே விட்டுவிடுகிறேன். மழைக்காலத்தில் தெருவில் கொசுவுக்குப் புகை அடிக்க வரும்போது, வண்டிச் சத்தம் கேட்டதும் பழைய வேட்டியைச் செடியின் மேல் போர்த்தி, புகை அடங்கியதும் எடுத்துவிடுகிறேன்.

மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட பெரிய வெட்டுக்கிளி ஒன்றும் எருக்கு தின்ன வரும். பிடித்தால் நஞ்சுத் திரவத்தைப் பீய்ச்சும். குழந்தைகளைத் தொடவிடாதீர்கள். அதற்கும் எருக்குதான் உணவு, எங்கள் செடியில் அதற்கும் இடம் உண்டு.

என்னிடம் செடி வாங்கிப்போனவர்களில் பலர் கேட்பது, புழு கறுத்துச் சாகிறதே, என்ன செய்வது என்று. ஈ ஒன்று புழுவின்மேல் முட்டை வைத்துவிடும். அந்த ஈயின் குஞ்சு உள்ளே இருந்து தின்று வளரும். தொங்கும் புழுவிலிருந்தோ கூட்டிலிருந்தோ மெல்லிய நூல் விட்டு வெள்ளையாக ஒன்று இறங்கினால் அது இந்த ஈயின் வேலை. சின்னக் குளவிகளும் இப்படிச் செய்யும். பார்க்க வருத்தமாகத்தான் இருக்கும். அதனால் எல்லாப் புழுவையும் டப்பாவில் அடைத்து வீட்டுக்குள் வளர்க்கிறார்கள் சிலர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றிரண்டு வளர்ப்பது வேறு. எல்லாவற்றையும் அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. நெருக்கி வைத்தால் ஒரு புழுவின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். ஈயும் குளவியும் எறும்பும் சிலந்தியும் தின்றதுபோக மிஞ்சட்டும் என்றுதான் ஒரு பெண் பூச்சி அத்தனை முட்டை வைக்கிறது. நாம் செய்யவேண்டியது இலைக்குப் பஞ்சம் வராமல் பார்ப்பது. ஒரு செடிக்குப் பதில் இரண்டு மூன்று செடி, அதுவும் சற்றுத் தள்ளித் தள்ளி.

பூவும் வேண்டும்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெட்டுக்காயப் பூண்டைப் புல்தரையில் பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. எருக்கின் பூவுக்கு வருவது பெரும்பாலும் கரிய தச்சுத் தேனீ, காய் பிடிக்க அதுதான் வேண்டும். பூவைவிட வரியன்களை இழுக்கும் இன்னொன்று இருக்கிறது, அது காய்ந்த செடி. கிலுகிலுப்பையும் தேள்கொடுக்கும் நம் ஊர்ப் பொட்டல்களில் தானாக வளர்பவை. அவற்றைப் பிடுங்கி வாடவிட்டு, கட்டாகக் கட்டி வேலியில் தொங்கவிடுங்கள். ஆண் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு காய்ந்த தண்டையும் இலையையும் உறிஞ்சும். அந்தச் செடியில் இருக்கும் ஒரு பொருளிலிருந்துதான் அவை பெண்ணை மயக்கும் வாசனையைத் தயாரிக்கின்றன. வெந்தய வரியனின் பின்னிறகில் ஆணுக்கு மட்டும் இருக்கும் அந்த நான்காவது புள்ளி, வாசனைப் பை. பருவமழைக்கு முன்னும் பின்னும் நீல வரியன்கள் கூட்டமாக இடம்பெயரும் காலத்தில் இந்தக் காய்ந்த கட்டு ஒன்று போதும், வேலியே நீலமாகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா முதலில், "காஞ்ச குப்பையை ஏன் இப்படி மாட்டி வெச்சிருக்கே?" என்று கேட்டார். ஒரு காலை அழைத்துக் காட்டினேன். இப்போது அவரே கொல்லைப் பக்கம் போனால் கிலுகிலுப்பை பிடுங்கி வருகிறார்.

ஒன்றே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. பட்டால் எரிச்சல்கூட அதிகம் இல்லாமல் பார்வை மங்கும், வலி இல்லையே என்று விட்டுவிடுவார்கள். கவாத்து செய்யும்போது கண்ணாடி போடுங்கள், கையுறை போடுங்கள், வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் செடியைப் பின்பக்கம், கைக்கு எட்டாதபடி வேலிக்குள் வையுங்கள். அரளிக்கும் இதே எச்சரிக்கை, அதன் எந்தப் பாகமும் வாயில் போகக்கூடாது.

போத்து வைக்க ஏற்ற காலம் மழை விட்ட பிறகு, தை பிறந்ததும். மண்ணில் ஈரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. விதையைச் சித்திரையில் காய் வெடிக்கும்போது எடுத்து வைத்துக்கொண்டு, ஆடியில் போட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். வேலிப்பருத்தி விதையும் அப்படியே. விதைக்காக எங்கும் அலைய வேண்டாம், காலையில் நடக்கப் போகும் வழியில் காய்த்து நிற்கும். ஒரு செடியிலிருந்து ஒன்றிரண்டு காய் மட்டும் எடுத்துக்கொண்டு, எடுக்கும்முன் இலையடியில் புழு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேறு செடிக்குப் போங்கள்.